தங்கையனுக்குப் பைஸ்டாண்டர் யார்?

நெய்யாற்றின்கரையில் அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். ஐ.சி.யூ.வில் கிடக்கிறவருக்கு வெளியே ஒரே ஒரு ஆள்தான் துணை. அந்த ஆளுக்குப் பெயர் பைஸ்டாண்டர். கையில் ஒரு மஞ்சள் பாஸ். சாயங்காலம் மணியடித்தால் பாஸ் உள்ளவர் செருப்பைக் கழற்றிவிட்டு, பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு ஐந்து நிமிஷம் உள்ளே போய் வரலாம். டாக்டர் எதைச் சொன்னாலும் அவரிடம் மட்டும்தான் சொல்வார். மற்றவர்கள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. குளத்தூரிலிருந்து ஜீப் பிடித்து, ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாக வந்து இறங்குகிற கூட்டத்தை உள்ளே விட்டால் கிடக்கிறவன் அன்றைக்கே போய்ச் சேருவான். ஆனால் சட்டம் போட்ட புண்ணியவான் விலாசினியைக் கண்டதில்லை. கண்டிருந்தால் வேறு மாதிரி யோசித்திருப்பான்.

சனிக்கிழமை காலையில் குளத்தூர் வீட்டு முற்றத்தில் நடந்த கூத்தை ஊரே பார்த்தது. வாழைக்குலை வியாபாரி தங்கையன், டெம்போவில் குலை ஏற்றிக்கொண்டே, ஏதோ சந்தை விலை சொல்கிற மாதிரி மனைவி ரத்னபாயிடம் சொன்னார்: மகள் லேகாவை, பாலராமபுரத்தில் இருக்கும் தன் தங்கை விலாசினியின் மகன் அகிலேஷுக்குக் கொடுப்பதாக வாக்குச் சொல்லியாகிவிட்டது. சுமட்டுக்காரர்கள் நிற்கிறார்கள், அக்கம்பக்கம் நிற்கிறது. ரத்னபாய் ஒன்றையும் பார்க்கவில்லை.

"எனக்க பிள்ளைய அந்த அடிகாரனுக்குக் குடுக்கமாட்டேன். வாக்கு குடுத்தது நீருதானே? நீரே போய்க் கழுத்த நீட்டும்."

தங்கையன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குலைகளின் மேலேயே உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கே ஆஸ்பத்திரி வராந்தாவில் குடும்பம் கூடித் தீர்ப்பும் எழுதியாயிற்று. தங்கையனின் அண்ணன் செல்லையன்தான் நீதிபதி. "கெட்டியவ நாக்கால ஆளு விழுந்தாச்சு. இனி அவளைக் கண்டா உள்ள உயிரும் போவும். உடன்பிறந்தவ போவட்டு." பாஸ் விலாசினியின் ரவிக்கைக்குள் போனது. அன்றிலிருந்து ரத்னபாய் தன் புருஷனின் முகத்தைப் பார்க்கவில்லை.

செல்லையனாவது ஒருநாள் உள்ளே போயிருக்கலாம். அவருக்கு டெட்டால் வாசனை பட்டாலே தலை சுற்றும். மகன் விஜயதாஸ் போயிருக்கலாம். "நீ போனா அப்பா கரையும் மக்கா, வேண்டாம்" என்று, அப்பா அழுவார் எனப் பயங்காட்டி, மாமி விலாசினி தடுத்துவிட்டாள். ஆக, அந்தக் கதவுக்குள் போய் வருகிற வாய் ஒன்றே ஒன்று.

அந்த வாய் சும்மா இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை, "அண்ணன் கண்ணு முழிச்சு லேகா எங்கன்னு கேட்டாரு" என்று வந்தது. மறுநாள், "குடுத்த வாக்கு மறக்காண்டாம்னு பறஞ்சாரு" என்று வந்தது. நேற்று அது இன்னும் முற்றி, "ஆவணி பிறந்ததும் நடத்தணும், நான் கண்ணால காணணும்னு கையப் பிடிச்சுக் கரஞ்சாரு" என்று கண்ணீரோடு வந்தது. சாகக் கிடக்கிறவன் சொன்னதை எவன் தட்டுவான்?

இன்றைக்கு வியாழக்கிழமை. விடிந்தும் விடியாமல் விலாசினி வந்து இறங்கினாள். கையில் ஒரு துணிக்கடைப் பை. பெஞ்சில் உட்கார்ந்ததும் ரத்னபாய் பார்க்கும்படி அதைப் பிரித்தாள். ஜரிகைக் கசவுக் கரை போட்ட புடவை.

"நல்ல தறியில சொல்லி நெய்யிச்சது. லேகாக்கு நிச்சயத்துக்கு. கையில எடுத்துப் பாரும் மைனி."

ரத்னபாய் எடுத்துப் பார்க்கவில்லை. "உனக்க மவன் வந்தானா?"

"அவனுக்கு வேலை உண்டு."

"வேலையா, இல்ல நேத்து குடிச்சது தெளியல்லியா?"

"அம்மா, மிண்டாம இரி" என்றான் விஜயதாஸ். இருபத்தைந்து வயது. பேசாமல் இரு என்பதுதான் இந்த வாரம் முழுக்க அவன் அம்மாவிடம் பேசிய பேச்சே. "நீ பேசினதுக்குத்தான் அப்பா இஞ்ச கெடக்குது."

பெற்றெடுத்த பிள்ளை, பாலராமபுரத்துக்காரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பெற்றவளை விரட்டுகிறது. ஆனால் ராத்திரி கண்ணை மூடினால் ரத்னபாய்க்கும் அதே முற்றம்தான், அதே குலைகள்தான். நான்தான் அவரைக் கொன்றுவிட்டேனோ என்று கேட்டுக்கேட்டு அவள் சோறு இறங்காமல் கிடந்தாள்.

செல்லையன் தொண்டையைச் செருமினார். "ரத்னம், இனி பிடிவாதம் வேண்டாம். அவன் உள்ள கெடந்து ஆசப்பட்டுக் கேக்கியான். நாங்க பணிக்கரப் பாத்து நாளு குறிச்சிட்டு வாறோம். நீ சரின்னு ஒரு வார்த்தை பறஞ்சா மதி."

"அத்தான், ஒரே ஒரு தடவை நான் உள்ள போய்ப் பாக்கியேன். அவரு எனக்க மொகத்தப் பாத்துப் பறையட்டு. பிறவு நீங்க சொல்லியத நான் கேக்கியேன்."

"உம்மக் கண்டா அண்ணனுக்கு ஆகாது" என்றாள் விலாசினி. "மைனியை உள்ள விடாண்டாம்னு அண்ணனே பறஞ்சாரு. உமக்கு வெசனம் ஆவும்னு நான் இதுவரைக்கும் சொல்லல்ல."

இந்த ஒரு சொல் போதுமே. ரத்னபாய் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். அழுததை அவர்கள் பார்க்கக் கூடாது.

ஒரு சங்கதியை இங்கே சொல்லியே ஆக வேண்டும். இரண்டு ஓணத்துக்கு முன்னால், இதே விலாசினி குளத்தூருக்கு வந்து, அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு, ரவிக்கையை இறக்கித் தோளைக் காட்டினாள். கருநீலமாகக் கன்றிக் கிடந்தது. "அகிலேஷ் அடிச்சான் மைனி. அண்ணனுக்குத் தெரியாண்டாம்" என்று அழுதாள். வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுத்தவள் ரத்னபாய். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கைமேல் கை வைத்துச் சத்தியமும் செய்தாள். முற்றத்தில் அன்றைக்கு அடிகாரன் என்று வாய் தவறியதைத் தவிர, இன்றுவரை காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. பெற்ற தாயை அடித்தவன் கட்டின பெண்டாட்டியைத் தொட்டிலில் போட்டு ஆட்டவா போகிறான்? இது விலாசினிக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறாள். கல்யாணம் ஆனால் திருந்துவான், திருந்தாவிட்டாலும் அடி வாங்க வீட்டில் இன்னொரு முதுகு இருக்கும்.

மத்தியானம் விலாசினியும் செல்லையனும் ஜோசியர் பணிக்கர் வீட்டுக்குக் கிளம்பினார்கள். பாஸும் அவளோடு போனது. விஜயதாஸ் எஸ்.டி.டி. பூத்திலிருந்து குளத்தூரில் பக்கத்து வீட்டு டெலிபோனில் லேகாவைக் கூப்பிட்டு, நாள் குறிக்கிற செய்தியைச் சொல்லப் போனான். போகட்டும். எல்லோரும் போகட்டும்.

ரத்னபாய் தனியாக இருந்தபோதுதான் கதவு திறந்தது.

"தங்கையன்டெ பைஸ்டாண்டர் ஆரா?"

உயரமான நர்ஸ். சட்டையில் சுகுமாரி என்று பெயர் குத்தியிருந்தது. ரத்னபாய் எழுந்து ஓடினாள். கதவோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காவல்காரன் சதானந்தன் குறுக்கே கையை நீட்டினான்.

"பாஸ் எவிடெ?"

"பாஸ் நாத்தூனுக்க கையில உண்டு. அவ வெளிய போயிருக்கா."

"பாஸ் இல்லாதெ அகத்து கேற்றில்லா."

"எனக்க மாப்பிள்ளையக் காண எனக்கு மஞ்சள் அட்டை வேணுமா? இந்தத் தாலியக் கண்டா போராதா?" அவள் தாலியை வெளியே எடுத்து அவன் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். சதானந்தன் இந்த வராந்தாவில் எத்தனையோ கத்தலைக் கேட்டவன். தாலியைப் பார்த்தான், கையை மட்டும் எடுக்கவில்லை. நர்ஸ்தான் நெற்றியைச் சுருக்கினாள்.

"நிங்ஙள் பார்யயா? பார்ய பிணங்ஙிப் போயெந்நல்லே பறஞ்ஞது?"

மனைவி சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விட்டதாக நர்ஸிடம் சொல்லி வைத்திருக்கிறாள் விலாசினி. ரத்னபாய்க்குக் காதில் ஈயத்தை ஊற்றினாற்போல் இருந்தது. சனிக்கிழமையிலிருந்து இதே பெஞ்சில், நர்ஸுகள் போகிற வருகிற வழியில், காலை மடக்கிக்கொண்டு கிடக்கிறாள். உள்ளே இருப்பவர்கள் கணக்கில் அவள் ஓடிப்போனவள்.

"ஞான் எங்கும் போயில்ல சிஸ்டரே" என்றாள். "அவரைக் கொண்டுவந்து சேத்த அன்னைக்கு முதல் இஞ்சயேதான் இருக்கியேன். யாரும் என்னைக் கேக்கல்ல."

நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இரக்கப்படுகிற முகம் இல்லை அது. வேலை கெட்டுப்போகிற எரிச்சல்தான் இருந்தது. டாக்டர் ஒரு விவரம் சொல்லச் சொல்லியிருக்கிறார், ஆள் வேண்டும். "சரி, வா. இன்னத்தெ விசிட்டு இதாணு கேட்டோ. வைகிட்டு வேறெ ஆரெயும் கேற்றில்லா." சாயங்காலத்து ஐந்து நிமிஷம் இப்போதே தீர்ந்தது, வேறு யாரையும் விடமாட்டோம் என்று பொருள். ரத்னபாய் தலையாட்டினாள். அங்கியை முன்பின்னாக மாட்டியதை நர்ஸ் திட்டித் திருத்தினாள்.

உள்ளே குளிராக இருந்தது. மூன்றாவது கட்டில்.

முதலில் அவள் வேறு யாரோ என்று நினைத்தாள். சந்தையில் நாலு கடை தாண்டிக் கேட்கும்படி விலை கூவுகிற மனிதர். அவர் வாய்க்குள் ஒரு குழாய் போயிருந்தது. கன்னத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பிளாஸ்திரி ஒட்டி அதை இறுக்கியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு மிஷின் உஸ்ஸென்று இழுத்து இழுத்து விட்டது. அதற்கேற்ப அவர் நெஞ்சு ஏறி இறங்கியது.

"சிஸ்டரே, இது எப்போ போட்டது? இன்னைக்கா?"

"சனியாழ்ச்ச வந்நப்போள்த்தன்னெ. டாக்டர் நிங்ஙளுடெ ஆளோடு பறஞ்ஞல்லோ."

சனிக்கிழமை வந்தவுடனேயே போட்டது. விலாசினியிடம் சொல்லியும் இருக்கிறார்கள். ரத்னபாய் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ, இவரு பேசினது? தங்கச்சிகிட்டப் பேசினாருன்னு சொன்னாளே?"

"டியூப் இட்டு கிடக்குந்ந ஆள் எங்ஙனெ சம்சாரிக்கும்?" குழாய் போட்டுக் கிடக்கிறவர் எப்படிப் பேசுவார் என்று நர்ஸ் கேட்ட கேள்வியில், இந்த நாட்டுப்புறத்து ஜனங்களுக்கு எத்தனை தடவை சொல்வது என்கிற சலிப்பு அப்பட்டமாக இருந்தது. "மருந்து கொடுத்து உறக்கியிரிக்கயா. இந்நு குறச்சு. நாளெ ராவிலெ டியூப் எடுக்கும். பின்னெ சம்சாரிக்காம்."

தூக்க மருந்தை இன்று குறைத்திருக்கிறார்கள். நாளைக் காலை குழாயை எடுத்துவிடுவார்கள், அப்புறம் பேசலாம். இந்த விவரத்தைச் சொல்லத்தான் கூப்பிட்டாளாம்.

லேகா எங்கே என்று கேட்டது, வாக்கை மறக்காதே என்றது, ஆவணியில் கல்யாணம் என்று கையைப் பிடித்து அழுதது, மைனியை விடாதே என்றது. அத்தனையும் விலாசினியின் சொந்தச் சரக்கு. ரத்னபாய்க்கு முதலில் வந்தது கோபம் இல்லை. ஒரு பெரிய ஆறுதல். அவர் என்னை வேண்டாமென்று சொல்லவில்லை. அதுவே போதும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கோபம் அதற்குப் பின்னால்தான் வந்தது, வந்தபோது மொத்தமாக வந்தது.

அவள் குனிந்தாள். "கேக்குதா? நான்தான்."

தங்கையனின் இமை அசைந்தது. கண் திறந்தது. அவளைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். அதில் கோபமா, பயமா, வந்தாயே என்கிற நினைப்பா, குழாய்க்கும் பிளாஸ்திரிக்கும் நடுவே அவளால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. இருபத்தேழு வருஷம் கூட வாழ்ந்தும் அந்த முகத்தைப் படிக்கத் தெரியவில்லையே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"பிள்ளைய அவனுக்குக் குடுக்கணும்னு நீரு பறஞ்சீரா?" என்று கேட்டாள். கேட்டிருக்கக் கூடாதுதான். கேட்டுவிட்டாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மதி, மதி" என்று நர்ஸ், பார்த்தது போதும் என்கிற மாதிரி, அவள் தோளைத் தொட்டு வெளியே அனுப்பினாள்.

சாயங்காலம் மணியடிப்பதற்குச் சற்று முன்னால்தான் பணிக்கர் வீட்டுக்குப் போனவர்கள் திரும்பினார்கள். விலாசினியின் நெற்றியில் புதுச் சந்தனம். "ஆவணி கடைசில நல்ல முகூர்த்தம் உண்டு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "நான் போய் அண்ணன்கிட்டப் பறஞ்சிட்டு வாறேன். கேட்டா கொஞ்சம் தெம்பு வரும்." பாஸை எடுத்துக்கொண்டு கதவுக்குப் போனாள். சதானந்தன் ஸ்டூலிலிருந்து அசையவில்லை.

"தங்கையன்டெ ஆள் உச்சைக்கு கேறியல்லோ. இனி நாளெ."

மத்தியானமே ஆள் போயாயிற்று என்றால்? விலாசினி திரும்பிப் பார்த்தாள். ரத்னபாய் பெஞ்சில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

"ஓ, நான்தான் போனேன்."

செல்லையனுக்கு முகம் சிவந்தது. "ஆருகிட்டக் கேட்டுப் போன? அவனுக்கு என்னமாவது ஆனா ஆரு பதில் சொல்லுவா?"

"ஒண்ணும் ஆவல்ல அத்தான். கண்ணு தொறந்து பாத்தாரு."

மத்தியானம் முழுக்க அவள் யோசித்து வைத்தது ஒன்றுதான்: இவர்கள் வந்ததும் குழாய் விஷயத்தைப் போட்டு உடைப்பது, விலாசினியின் மானத்தை இந்த வராந்தாவிலேயே வாங்குவது. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் உடைத்தால் என்ன ஆகும்? விலாசினி அழுவாள், அண்ணன் மேல் உள்ள பாசத்தில் சொல்லிவிட்டேன் என்பாள், செல்லையன் அதையும் நியாயம் என்பார். நாளும் குறித்தாயிற்று. வாக்கு அப்படியே நிற்கும். ரத்னபாய் வேறொன்றைச் சொன்னாள்.

"அவரு எனக்கிட்டயும் பறஞ்சாரு."

"என்ன பறஞ்சாரு?" என்றான் விஜயதாஸ்.

"நிச்சயம் வேண்டாம். வாக்கு குடுத்தது எனக்கத் தப்பு. லேகாவ அவ இஷ்டத்துக்கு விட்டிரணும். அப்பிடியாக்கும் பறஞ்சாரு."

"கள்ளம்" என்றாள் விலாசினி. குரல் கீச்சென்று ஏறியது. "பச்சக் கள்ளம். அண்ணனால எப்பிடி..."

நின்றுவிட்டாள்.

"அண்ணனால எப்பிடி, என்ன?" ரத்னபாய் நிதானமாகக் கேட்டாள். "பறயி விலாசினி. எல்லாரும் கேக்கட்டு."

விலாசினி கையிலிருந்த பாஸை மறுபடி ரவிக்கைக்குள் செருகினாள்.

"என்னட்டி? அவனால என்ன?" செல்லையன் தங்கையை முறைத்தார். "நேத்து உனக்கிட்ட ஒண்ணு பறஞ்சான், இன்னைக்கு இவகிட்ட வேறொண்ணு பறஞ்சானா? கிறுக்கு பிடிச்சுதா அவனுக்கு?"

"எனக்குத் தலை வலிக்குது" என்று விலாசினி பெஞ்சின் மறு ஓரத்தில் போய் உட்கார்ந்தாள்.

செல்லையனுக்கு இந்த மாதிரி வழக்கு பழக்கமில்லை. ஒரு சாட்சி இருந்தால் தீர்ப்புச் சொல்லிவிடுவார். இரண்டு சாட்சி இருந்தால் காப்பி குடிக்கப் போய்விடுவார். போய்விட்டார்.

விஜயதாஸ் மட்டும் நின்றான். அந்த வாரத்தில் முதல் தடவையாக அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அம்மா, அப்பா நெசமாட்டும் பேசினாரா?"

இந்தப் பிள்ளையிடம் அவள் பொய் சொன்னதில்லை. திட்டியிருக்கிறாள், அடித்திருக்கிறாள், பொய் சொன்னதில்லை. ரத்னபாய் அவன் கண்ணைப் பார்த்தாள்.

"பேசினாரு மக்கா. போய் லேகாக்குப் போன் போடு. அழாண்டாம்னு பறயி."

அவன் போனான். நாளைக் காலை அந்தக் குழாயை எடுக்கப்போகிறார்கள். அவர் பிடிவாதக்காரர், தங்கச்சிக்குக் கொடுத்த வாக்குக்காக எதையும் விடுவார். கல்யாணம் நடக்கட்டும் என்றுதான் சொல்வார் என்றால்? முற்றத்தில் சொன்ன அதே வார்த்தையை, இப்போதுதான் மூச்சு திரும்பிய அந்த மனிதரிடம் அவள் மறுபடி சொல்ல வேண்டியிருக்கும். சொல்லாமல் விடவும் முடியாது.

பெஞ்சின் அந்த ஓரத்திலிருந்து குரல் வந்தது.

"அண்ணன் கண்ணு தொறந்து பாத்தாரா மைனி?"

"ஓ. பாத்தாரு."

"என்னை ஒருநாளும் பாக்கல்ல." விலாசினி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "டியூபு எப்போ எடுப்பாவளாம்?"

"நாளைக்கு. காலம்பற."

விலாசினி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"எடுத்ததும் அண்ணன் என்ன பறயும்னு உமக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றாள் ரத்னபாய்.

"எனக்கும் தெரியாது" என்றாள் விலாசினி.